மூக்கணாங்கயிறு போட்ட மோட்டார் சைக்கிள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட என் வாயால் கேட்பது எனக்குக் கொஞ்சம் மரியாதை. திருகிப் பிடித்தால் அடங்கி நிற்கிற, கையை விட்டால் பாய்ந்து ஓடுகிற ஒரு மோட்டார் சைக்கிளை உலகத்திலேயே முதன்முதலாகச் செய்தவன் நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் மன்னிக்க ஆள் உண்டு. செய்து முடித்து, ஓட்டிப் பார்த்து, எல்லாம் தலைகீழாக இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகு, ‘அட, இதுதானே சரி!’ என்று தொடையைத் தட்டிக்கொண்டேன். மன்னிப்புக்கு வழியில்லாத இடம் அதுதான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் தோட்டம் கேரள எல்லைக்குள், வாளையாருக்குத் தெற்கே உள்ளடங்கி இருந்தது. கடலைக்காய், சோளம், கிணற்று மேட்டில் நாலு தென்னை, வரப்பெல்லாம் பனை. கரண்டாபீசுக்குப் போனால் மலையாளம், மாட்டுக் கட்டுத்தரைக்கு வந்தால் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பெண் எடுப்பது கொடுப்பதெல்லாம் சுற்றுவட்டத்துக்குள்ளேயே. என் மாமனார் ஊருக்குக் காலையில் மாட்டுவண்டி பூட்டினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். இந்த வசதி யாருக்கும் போதும். எனக்குப் போதவில்லை.

புது வண்டிக்குப் பெயர் எழுதிவைத்தவர்கள், வண்டி வருவதற்குள் பேரன் வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. பட்டாளத்தார் கழித்துவிட்ட பழைய சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருக்கும். சத்தமும் அப்படித்தான். பழக்கம் மட்டும் கழுதை. ஓடுகிற வரைக்கும் ஓடும்; ஓடாது என்று முடிவு செய்துவிட்டால் பிரம்மா வந்து உதைத்தாலும் கிளம்பாது.

நோய் கார்பரேட்டரில் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் பதமாகக் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. அதற்குள் ஓர் உருளை கிணற்று வாளிபோல மேலும் கீழும் போய்வரும். கைப்பிடியைத் திருகினால் கம்பி அந்த உருளையைத் தூக்கும், வழி திறக்கும், வண்டி ஓடும். என் வண்டியில் அந்த உருளை தேய்ந்து, சட்டிக்குப் பொருந்தாத மூடிபோல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்று உருளை கோயமுத்தூரிலும் இல்லை, பாலக்காட்டிலும் இல்லை. சீமையிலேயே இல்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அவர் சீமைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்போலச் சொன்னதால் நம்பினேன்.

அந்த வருஷம் ஆடி நோம்பிக்கு, பண்டிகை விருந்துக்கு, மாமனார் ஊருக்குப் போனபோது, ஊர் எல்லையில், மாரியம்மன் கோயிலுக்கு நேர் எதிரே, வண்டி நின்றுவிட்டது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். கோயில் முதல் மாமனார் வீட்டு வாசல் வரைக்கும் தள்ளினாள். விருந்துக்கு வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. அவளுடைய கடைசித் தங்கை, வாய்த்துடுக்குக்காரி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

“ஏனக்கா, மாமா வண்டி வாங்குனாரா, கன்னுக்குட்டி வாங்குனாரா?”

என் மனைவி அன்று சிரித்துவைத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் வந்தாள். அதோடு சரி, அந்த வண்டியின் பின்சீட்டில் அவள் உட்காரவில்லை. நான் கூப்பிட்டால், “நீங்க போங்க, நான் வெய்யத் தாழ வர்றேன்” என்பாள். வெயில் தாழும், அவள் வரமாட்டாள்.

இப்படி இருக்கையில் அந்தக் கடைசித் தங்கைக்கே நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சிப் பக்கம், பெரிய குடும்பம். அக்காக்காரி எப்படி வந்து இறங்குகிறாள் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பஸ்ஸில் போனால், “உங்கூட்டு வண்டி என்னாச்சு?” என்று கேட்பார்கள். வண்டியில் போய் மறுபடி தள்ளினால் கேட்கவே வேண்டாம். அவளுக்கு இரண்டு பக்கமும் இடி.

அவள் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“ஏனுங்க, அந்த வண்டியச் சரி பண்றதுன்னா பண்ணுங்க. இல்லீன்னா எடைக்குப் போட்டுட்டுப் பஸ்ஸுக்கு வாங்க. ரெண்டுல ஒண்ணு. நடுரோட்டுல மட்டும் நிக்காதீங்க.”

“சரி பண்ணிட்டா நீ உக்காருவியா?”

“மொதல்ல சரி பண்ணுங்க. ரசம் ஊத்தட்டுங்களா?”

அது ஆமாம் இல்லை. ஆனால் இல்லையும் இல்லை. எனக்கு அது போதும்.

கிணற்றுக் கொட்டகையில் ஒரு பழைய பம்பு இஞ்சின் கிடந்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சின்ன இஞ்சின். கரண்டு மோட்டார் வந்த பிறகு அதற்கு வேலை போய்விட்டது. பல்லி முட்டையிடுவதற்கு மட்டும் பயன்பட்டது. அதில் கச்சிதமாக ஒரு கார்பரேட்டர் இருந்தது. உள்ளே உருளை கிடையாது. பட்டாம்பூச்சி இறக்கைபோல ஒரு தகடு, ஓர் அச்சில் திரும்பித் திரும்பி மூடும், திறக்கும். அச்சின் முனையில் ஒரு சின்னக் கை, அதில் வரிசையாகத் துளைகள், ஒரு பக்கம் ஸ்பிரிங். தேய்மானமே இல்லை. இரவல் வாங்காமல், எவனிடமும் பல்லைக் காட்டாமல், சொந்தக் கொட்டகையிலேயே மருந்து இருக்கும்போது வைத்தியன் எதற்கு என்று அதைக் கழற்றினேன்.

வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வர்க்ஷாப் இருந்தது. அங்கே ஒரு மலையாளி மெக்கானிக். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே ஊர் நியாயமெல்லாம் பேசுவார். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். கார்பரேட்டரை இஞ்சினோடு பொருத்துவதற்கு ஓர் இரும்புத் தகட்டில் துளை போட்டுத் தரச் சொன்னேன். கால்கள் வெளியே வந்தன, பிறகு ஆள் வந்தார். கார்பரேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது வெள்ளம் இறைக்கிற சாதனமல்லே?”

“ஆமா, தண்ணி எறைக்கறதுதான்.”

“பைக்குல வெள்ளம் இறைக்கணுமோ?”

“உங்க வேலை துளை போடறது,” என்றேன் வீராப்பாக. அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் துளை போட்டுக் கொடுத்தார். நியாயமாக அந்த மனிதருக்கு இன்னொரு கேள்வி கேட்க நான் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

மாட்டியாகிவிட்டது. இனிக் கைப்பிடிக்கும் கார்பரேட்டருக்கும் கம்பியால் முடிச்சுப் போட வேண்டும். நீங்கள் நினைக்கலாம், கம்பிதானே, இந்த முனையை அங்கே மாட்டு, அந்த முனையை இங்கே மாட்டு என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய கம்பி நீளம் எட்டவில்லை. சைக்கிள் பிரேக் கம்பி வாங்கி, முனையில் ஈயத்தை உருக்கிக் குண்டு வைத்தேன். முதல் குண்டு மாட்டும்போதே கழன்றது. அடுத்தது பெருத்துப்போய்த் துளையில் நுழையவில்லை. அதற்கடுத்ததில் என் விரலும் கொஞ்சம் வெந்தது, அது நின்றது.

பிறகு துளைப் பிரச்சினை. அச்சுக்குப் பக்கத்துத் துளையில் கம்பியை மாட்டினால், கைப்பிடியைத் தொட்டாலே தகடு முழுதும் திரும்பிவிடுகிறது. கடைசித் துளையில் மாட்டினால், மணிக்கட்டு முதுகுப்பக்கம் போகிற வரைக்கும் திருக வேண்டியிருக்கிறது. நடுத்துளை பரவாயில்லை. ஆனால் ஹேண்டில்பாரை ஒரு பக்கம் திருப்பினால் கம்பி இறுகியது, மறுபக்கம் திருப்பினால் தளர்ந்தது. ‘கம்பி என்றால் அப்படித்தான் இருக்கும், மனுஷனே அப்படித்தான் இருக்கிறான்’ என்று விட்டுவிட்டேன். ஸ்பிரிங்கை மட்டும் தொடவில்லை. அது இஞ்சினோடு வந்த ஸ்பிரிங்; செய்தவனுக்குத் தெரியாதா எங்கே மாட்ட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை.

கிக்கரை உதைத்தேன்.

இஞ்சின் கிளம்பவில்லை, வெடித்தது. தென்னையிலிருந்த காக்காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கேரளத்தைவிட்டு வெளியேறின. வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டாண்டோடு குதித்தது. உச்ச வேகத்தில் அலறியது. நான் கைப்பிடியைத் தொடவே இல்லை! பயத்தில் எட்டிப்பிடித்துத் திருகினேன். உடனே அடங்கிவிட்டது. கையை எடுத்தேன், அலறியது. திருகினேன், அடங்கியது.

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது:

“ஏனுங்க, அது வண்டிங்களா, மில்லுச் சங்குங்களா?”

எனக்குள் ஒரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து மாடு ஓட்டியவன் நான். மாட்டுவண்டியில் கயிற்றை இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும்? மாடு நிற்கும். தளர்த்தினால்? ஓடும். அதுதானே நம் கைக்குத் தெரிந்த நியாயம்? திருகினால் ஓடு, விட்டால் நில் என்று சீமைக்காரன் செய்துவைத்திருக்கிறான் என்றால், அவன் மாடு ஓட்டிப் பழகாதவன். நான் ஒரு பிழை செய்யவில்லை. ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறேன்! தொடையைத் தட்டிக்கொண்டது அப்போதுதான்.

இந்த மகத்தான கண்டுபிடிப்பை ஏற்றுக்கொள்ள ஊரில் ஒரே ஒருவர் இருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி, எனக்கு அண்ணன் முறை. ரேக்ளாப் பந்தயத்துக்குக் காளை வளர்ப்பவர். பெண்டாட்டி பிள்ளைகளைவிடக் காளைக்குத்தான் பருத்திக்கொட்டை முதலில். அவரை ஏற்றி உட்காரவைத்துக் கைப்பிடியைக் கொடுத்தேன். களத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“தம்பி, இப்பத்தாம்ப்பா இது மனுசன் ஓட்டற வண்டி. உட்டாப் போவுது, புடிச்சா நிக்குது. இதுக்கு முன்னால இருந்ததெல்லாம் என்ன எழவோ.”

“அப்படிச் சொல்லுங்கண்ணா!”

“ஆனா ஒண்ணு. எறங்கறப்போ கட்டிப்போட்டுட்டு எறங்கு. கட்டாத மாட்டை எவன் நம்பறது?”

அதுவும் சரிதான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இறங்க வேண்டியிருந்தால் கைப்பிடியைத் திருகி, ஒரு கயிற்றால் ஹேண்டில்பாரோடு இழுத்துக் கட்டிவைப்பது என்று முறை செய்துகொண்டேன். மூக்கணாங்கயிறு திரிக்கிற அதே நூல்கயிறுதான். அந்தக் கோலத்தில் வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்து என் மனைவி, “தவிடு வெக்கட்டுங்களா?” என்று கேட்டாள்.

அவளுக்கு இந்தத் தத்துவம் பிடிபடவே இல்லை. நான் கயிறு, மாடு, சீமைக்காரன் எல்லாம் சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு மண்சட்டியோடு வந்தாள். நிறையத் தயிர். மேலே வாழையிலை வைத்துத் துணியால் வாயைக் கட்டியிருந்தாள்.

“மொதல்ல இது உக்காரட்டும்,” என்றாள்.

“எங்க?”

“பின்னாலதானுங்க. விருந்துக்கு ஒறை ஊத்த எங்கம்மாளுக்கு ஒரு சட்டி தயிர் குடுக்கறேன்னு சொல்லியிருக்கறேன். கொண்டு போயிக் குடுத்துட்டு வாங்க. இது சிந்தாமப் போயிச் சேந்துச்சுன்னா, நிச்சயத்தன்னைக்கு நான் உக்காந்துக்கறேன்.”

“சிந்துச்சுன்னா?”

“தயிருதான போச்சுன்னு நெனச்சுக்கறேன்.”

சட்டியைச் சாக்கு சுற்றிப் பின்சீட்டில் கட்டினேன். அவ்வளவு பத்திரமாக என் கல்யாணத்தன்று தாலியைக்கூட நான் கட்டியிருக்க மாட்டேன். புறப்பட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வண்டி அருமையாகப் போயிற்று. பள்ளம் வந்தால் இழுத்துப் பிடித்தேன், மேடு வந்தால் தளர்த்தினேன். எதிரே வந்த பனையேறி ஒருவர் ஒதுங்கி நின்று பார்த்தார். அவருக்கு ஒரு தலையாட்டல். வாய்க்கால் பாலத்தில் ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது: இடப்பக்கம் திரும்பினால் கம்பி இறுகி வண்டி அடக்கமாகிவிடுகிறது; வலப்பக்கம் திரும்பினால் கம்பி தளர்ந்து ஆவேசம் வந்துவிடுகிறது. மாடுகூட ஒரு பக்கம் இழுக்கும் அல்லவா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தயிர் பின்னால் சத்தமில்லாமல் வந்தது. மனைவி உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு அமைதியாக வந்திருக்க மாட்டாள் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மாமனார் ஊர் எல்லை. மாரியம்மன் கோயில். சாலை அங்கே வலப்பக்கம் வளையும். வளையாமல் நேரே போனால் மாமனாரின் களம். களத்தில் கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. களத்துக்கு அந்தப் பக்கம் சோளத்தட்டுப் போர். எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஆத்தா கோயிலைத் தாண்டும்போது சும்மா போகிற பழக்கம் கிடையாது. மாட்டுவண்டிக்காரன் கயிற்றை மடியில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவான். மாட்டுக்கு வழி தெரியும், அது பாட்டுக்குப் போகும். சைக்கிள்காரன் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைப்பான். பஸ் டிரைவர்கூட ஆரன் அடித்து ஆத்தாவிடம் சொல்லிக்கொண்டுதான் போவார். அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கோயில் வந்தால் கை எழும்பும்.

என் வலது கை எழும்பியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ‘ஆத்தா, தயிர் சிந்தாம...’ என்பதுவரை வேண்டுதல் போயிற்று.

விட்டால் ஓடும் என்று வைத்தவனே நான்தானே. வண்டி ஓடியது. பதறிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்தவன் திருகியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பயம் வந்த கைக்குப் புதுத் தத்துவமெல்லாம் ஞாபகம் இருக்குமா? வருஷக்கணக்கில் பழகிய கை, ‘வேகமா? முறுக்கை விடு!’ என்றது. விட்டேன். இன்னும் வேகம். இன்னும் நன்றாக விட்டேன். சாலை வலப்பக்கம் வளைந்தது, வண்டி வளையவில்லை. கிளட்ச் என்று ஒன்று இருப்பது எனக்கு மறுநாள்தான் நினைவு வந்தது.

மாமனார் களத்தில் நின்று கடலைக்காயைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வருவதைப் பார்த்தார். மாப்பிள்ளை நிற்கமாட்டார் என்பதையும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். நான் கடலைக்காயில் ஒரு நீண்ட கோடு போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போய், சோளத்தட்டுப் போருக்குள் புகுந்தேன். இஞ்சின் வாயில் காய்ந்த இலைச் சோகை அடைத்து நின்றது. உள்ளே இருட்டாக, மெத்தென்று, இனிப்பு வாசனையாக இருந்தது. வெளியே வர மனசே இல்லை.

எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டுக்கு வந்தவரை முதலில் ‘வாங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் வேறு பேச்சு. வந்தவர் எந்த வழியாக வந்தார் என்பதெல்லாம் அப்புறம். மாமனார் போருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“வாங்க மாப்ளை.”

“வந்துட்டேனுங் மாமா,” என்றேன் தட்டுக்குள்ளிருந்து.

“ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

“சௌக்கியமுங்க.”

“வழி அந்தப் பக்கமுங்களே,” என்றார், ரொம்ப யோசனையோடு. “பரவால்லீங்க. இதும் பக்கந்தான்.”

அதற்குள் வீட்டிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். மாமியார் கையில் சொம்புத் தண்ணீர். கல்யாணப் பெண், அதே வாய்த்துடுக்குக்காரி, என் தலையிலிருந்து ஒரு சோகையை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

“ஏன் மாமா, போன வாட்டி நீங்க ரெண்டு பேரும் வண்டியத் தள்ளீட்டு வந்தீங்க. இந்த வாட்டி அது உங்களைத் தள்ளீட்டு வந்துருச்சுங்களா?”

“தயிரு!” என்றேன் நான். எனக்கு அடி பட்டதா என்று நானே பார்க்கவில்லை.

சாக்கை அவிழ்த்தோம். சட்டி உடையவில்லை. துணி நனையக்கூட இல்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை! மாமியார் இலையை விலக்கினார். தயிரைக் காணோம். கீழே மோர், மேலே கட்டிகட்டியாக வெண்ணெய். வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழி உடைந்த கதையைத்தான் ஊரெல்லாம் சொல்வார்கள். தாழி உடையாமல் வெண்ணெய் திரட்டிக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

“மாப்ளை கடைஞ்சே கொண்டாந்துட்டாருங்க,” என்றார் மாமியார், புகழ்கிறாரா என்று தெரியாத குரலில்.

சாயங்காலம் மாமனார் வீட்டு மாட்டுவண்டியில் மோட்டார் சைக்கிளைக் கிடத்தி ஊர் திரும்பினேன். பங்காளி அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார்.

“கயித்தை ஏந்தம்பி உட்டே?”

“சாமி கும்பிட்டேனுங்கண்ணா.”

“மாடா இருந்தா நின்னிருக்கும்.”

“மாடு எதுக்குங்க நிக்குது?”

“மாட்டுக்கும் சாமி உண்டல்லோ,” என்றார். மோட்டாருக்கு இல்லை என்பதுபோல வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். இருந்த ஒரே சீடரும் அன்றோடு போனார்.

வீட்டில் என் மனைவி சட்டியை வாங்கித் திறந்தாள். மாமியார் அந்த வெண்ணெயை உருட்டி அதே சட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். வெண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிந்தலை,” என்றேன். பேச்சு என்றால் பேச்சு.

“சிந்தலீங்க,” என்று ஒப்புக்கொண்டாள். “கடலைக்காதான் சிந்துச்சாட்ட இருக்குது.” மாமனாரின் மாட்டுவண்டியை ஓட்டி வந்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்.

பிறகு கேட்டாள்: “எல்லாரும் இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“சிரிச்சாங்களா?”

“மாமா சிரிக்கலை.”

“அப்பா உங்க முன்னால சிரிக்க மாட்டாரு. கட்டுத்தரைக்குப் போயிச் சிரிச்சிருப்பாரு.” வெண்ணெயை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். “பேச்சுப்படி நான் உக்காரோணும். உக்காருவேன். ஆனா ஒண்ணு நெனச்சுப் பாருங்க. அன்னைக்கு மாப்ளையூட்டுக்காரங்க அத்தனை பேரும் இருப்பாங்க. என்னையும் வெச்சுட்டு நீங்க போருக்குள்ள போனீங்கன்னா, அவ நிச்சயத்துல அவளப் பத்தியா பேசுவாங்க? காலத்துக்கும் என்ற கதை, அக்காக்காரி கதைதான் பேசுவாங்க.”

கிண்டல் செய்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கிண்டல் செய்யவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வெண்ணெய் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் கிணற்றுக் கொட்டகையில் போய், கார்பரேட்டரைப் பறிகொடுத்துவிட்டுக் கிடந்த அந்த இஞ்சினின் முன்னால் உட்கார்ந்தேன். அதைக் கழற்றும்போது அவசரத்தில் பார்க்காததை இப்போது பார்த்தேன். உள்ளே சுழலுகிற இரண்டு குண்டுகள் இருந்தன. வேகம் கூடினால் அவை விரியும். விரிந்தால் ஒரு கம்பியை இழுத்துத் தகட்டை மூடும். ஸ்பிரிங்கின் வேலை எதிர்வேலை, எப்போதும் திறக்கப் பார்ப்பது. அதாவது ஸ்பிரிங் என்பது போகத் துடிக்கிற லாரிக்காரன். குண்டுகள் வாளையார் செக்போஸ்ட்டின் குறுக்குக்கட்டை. நான் லாரிக்காரனை மட்டும் அழைத்து வந்துவிட்டேன். செக்போஸ்ட்டைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். அதற்கு மேல் மாட்டுத் தத்துவம் வேறு!

வேலை என்று பார்த்தால் சின்ன வேலை. அச்சின் முனையிலிருந்த கையைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பி மாட்டினேன். இப்போது கம்பி இழுத்தால் தகடு திறக்கும். இனி அதை மூடுகிற பக்கம் இழுக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். பழையது நீளம் போதவில்லை. டார்ச் லைட்டு ஸ்பிரிங்குக்குப் பலம் போதவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்கைப் போட்டேன். கைப்பிடியைத் திருக ஏர் பிடிக்கிற பலம் வேண்டியிருந்தது. கடைசியில் வர்க்ஷாப்புக்கே போனேன். இந்தத் தடவை கதை முழுவதையும் மறைக்காமல் சொன்னேன். லாரிக்கு அடியில் அந்த இரண்டு கால்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. அப்புறம் ஒரு கை வெளியே வந்தது. அதில் ஒரு ஸ்பிரிங்.

“சாரே, இது காளையல்ல,” என்றது லாரி. “விட்டால் நிக்கணும்.”

கம்பியின் வெளிக்கூட்டைக் கொஞ்சம் நீளமாக விட்டு, தொட்டிலுக்குக் கயிறு கட்டுவதுபோலத் தாராளமாக வளைத்துக் கட்டினேன். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் இறுக்கமும் இல்லை, ஆவேசமும் இல்லை. ஆனால் என் கை கெட்டுப்போயிருந்தது. மாட்டு வழியும் பழகி, சீமை வழியும் பழகி, எது எதுவென்று தெரியாமல் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓடவிட்டுக் கையை எடுப்பேன். வண்டி முனகிக்கொண்டே அடங்கும். மறுபடி ஓட்டுவேன், மறுபடி எடுப்பேன். என் மனைவி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஒரு நாள் பார்த்தால், பட்டுச்சேலையை எடுத்து நிழலில் காற்றாடப் போட்டிருந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டால் மடித்து உள்ளே வைத்துவிடுவாளோ என்று பயம்.

நிச்சயத்தன்று காலையில் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். கயிறு எதுவும் கட்டாமல். அவள் வந்தாள். கையில் பூக்கூடை. பின்சீட்டில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உட்காரும்போது ஏதோ முணுமுணுத்தாள். எனக்கா, ஆத்தாவுக்கா என்று தெரியவில்லை.

பாலம் தாண்டினோம், பனந்தோப்பு தாண்டினோம். வண்டி கோளாறே சொல்லவில்லை. மாமனார் ஊர் எல்லை வந்தது. தூரத்தில் களம். வாசலில் பந்தல், பந்தலுக்கு முன்னால் பொள்ளாச்சிக்காரர்கள், ஒறம்பரை, அத்தனை பேரும். சோளத்தட்டுப் போரை மட்டும் காணோம். நன்றாகப் பார்த்தேன். மாமனார் அதைப் பிரித்து, வீட்டுக்குப் பின்னால், எந்த வழியாக வந்தாலும் எட்டமுடியாத இடத்தில் மறுபடி கட்டியிருந்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் நிரூபித்துக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? கோயில் நெருங்கியது.

“அம்முணி, இப்பப் பாரு,” என்றேன் தலையைத் திருப்பி. “கையெடுத்து ஆத்தாளைக் கும்பிடறேன். வண்டி அது பாட்டுக்கு அடங்கி, கோயலுக்கு நேரா வந்து நிக்கும். உங்கொப்பன் அந்தப் போரைப் பிரிச்சதே வீண்வேலைன்னு தெரியட்டும். எடுக்கட்டா கையை?”

என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

“உங்களுக்கும் சேத்து நான் கும்புட்டாச்சு, ரோட்டைப் பாருங்க.”